இரண்டு பந்துகள் பறந்த ஞாயிற்றுக்கிழமை

பூபாலன் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஏரிக்கரைச் சரிவில் அப்படியே உருண்டு வந்து, நாங்கள் ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்றான். ஹேண்டில்பாரில் டிபன் பாக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. சட்டையிலிருந்து மெஷின் ஆயில் வாடை வீசியது. கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தன.

"வந்துட்டாரா?" என்றான்.

"யாரு?"

"யாருன்றியே! ஆபீசர்தான்."

"இன்னும் வரல. நீ போய் அந்த மரத்தாண்ட படு. டாஸ் ஜெயிச்சி பேட்டிங் எடுத்துட்டோம். உன் வேலை அப்புறம்தான்" என்றார் எங்கள் கேப்டன் ஏழுமலை அண்ணன்.

"படுத்துகினு இருக்கும்போது அவரு வந்துட்டா? நல்லா இருக்கும்ணா!" என்று சொல்லிவிட்டு, பூபாலன் வாய்க்காலில் தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டான். சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தான். முந்தின நாள் பகலிலும் தூங்கியிருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவன் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே பகலில் தூங்குவது மனிதனால் ஆகிற காரியமில்லை.

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வருகிறது. அந்தக் காலத்தை நினைத்தாலே முதலில் ஞாபகத்துக்கு வருவது அசதிதான். இளமையில் ஓடினோம், ஆடினோம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நாங்களும் ஓடினோம். ஆனால் தூக்கம் கெட்டு ஓடினோம்.

ஏரி எங்கள் மைதானம்

நாங்கள் விளையாடியது பிள்ளைப்பாக்கம் ஏரியில். தண்ணீர் இருக்கும்போது அது ஏரி. வற்றியதும் எங்கள் மைதானம். தை முடிந்து ஓரமாகக் காய ஆரம்பிக்கும். சித்திரையில் நடுவிலேயே பிட்ச் போடலாம். ஐப்பசி மழையில் எல்லாம் உள்ளே போய்விடும். வருடா வருடம் புது இடம் பார்த்து, வெடிப்புகளில் மண்ணை அடைத்து, தண்ணீர் தெளித்து, மிதித்துச் சமன் செய்து பிட்ச் போட வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்பதால் எல்லோருக்கும் சொந்தம்.

அதுதான் தொந்தரவும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஏரியில் நான்கைந்து மேட்ச் நடக்கும். எங்கள் லெக் சைடு பவுண்டரி இன்னொருவனுடைய ஆஃப் சைடுக்குள் இருக்கும். எங்கள் ஃபீல்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து மேட்ச் ஃபீல்டர் நிற்பான். இருவரும் பீடியைப் பகிர்ந்துகொள்வார்கள். யார் மேட்ச் எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரன் பார்த்தால் தலை சுற்றிப் போவான். எங்களுக்குப் பழகியிருந்தது.

எங்கள் டீம் பென்னலூர்ப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஸ்டைலாக இருக்கட்டும் என்று 'நியூ மூன்' என்று பெயர் வைத்தோம். அதற்கு அமாவாசை என்று அர்த்தம் என்பதை எதிர் டீமில் படித்தவன் ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னபோது, பெயரைப் பனியனில் அச்சடித்து முடித்திருந்தோம். பிறகென்ன, ஜில்லா முழுக்க நாங்கள் அமாவாசை டீம்தான்.

அது தொண்ணூற்றொன்றாம் வருடம். மே மாதம் எங்கள் ஊரில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உலகத்துக்கே தெரியும். அதன்பிறகு நான்கு பேர் ஒன்றாக நிற்கவே கூச்சமாக இருந்தது. வெளியூருக்கு ஆடப் போனால், 'ஸ்ரீபெரும்புதூர் பக்கம்' என்று சொன்னதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கோடையில் நடக்க வேண்டிய போட்டி தள்ளித் தள்ளிப் போய், ஆடி மாதம்தான் ஆரம்பித்தது. ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதைத் திறந்த ஏரியில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். உயரமாக அடித்த பந்து எங்கே இறங்கும் என்று அடித்தவனாலும் சொல்ல முடியாது.

பிரேக்

பூபாலன் ஏன் அப்படி ஆபீசர் ஆபீசர் என்று பறந்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் பக்கம் இன்றைக்குப்போல எங்கே திரும்பினாலும் தொழிற்சாலை கிடையாது. மெட்ராஸ் ரோட்டிலும் உள்ளே தள்ளியும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு இருந்தன. அவற்றில் ஒன்றில் நானும் பூபாலனும் கேஷுவல். கேஷுவல் என்றால் வேலை உண்டு, வேலைக்காரன் என்ற பெயர் கிடையாது. கொஞ்ச மாதம் வேலை வாங்குவார்கள். தொடர்ச்சியாக இருந்தான் என்று கணக்காகிவிடக் கூடாதல்லவா, அதற்குள் 'பிரேக்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு கூப்பிட்டால் போக வேண்டும். கூப்பிடாவிட்டால் கேட்டில் போய் நிற்க வேண்டும்.

பிரேக் விட்டால் நாங்கள் சொந்த நிலத்தில் இறங்கிவிடுவோம். நாற்று, களை, கடலை என்று ஏதாவது இருக்கும். பூபாலனுக்கு அதுவும் இல்லை. அவன் அப்பா தன் நிலத்தை எப்போதோ விற்றுவிட்டார். அது கைமாறிக் கைமாறி எங்கள் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டது. கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தைக் காட்டி, "அதுங்கீழதான் எங்கம்மா கூழு கொண்டாந்து வெக்கும்" என்று ஒருமுறை சொன்னான்.

அந்த மாதக் கடைசியில் எங்கள் செட்டுக்கே பிரேக் என்று பேச்சு வந்துவிட்டது. போன பிரேக்கில் பூபாலன் செங்கல் சூளைக்குப் போய், இருமல் பிடித்துத் திரும்பினான். "இந்தத் தடவை கேட்டுக்கு வெளிய போனா நான் திரும்பி வரமாட்டேன்டா" என்று என்னிடம் சொன்னபோது அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனிகளுக்கு இடையே போட்டி வருகிறது, நமக்கும் ஒரு கிரிக்கெட் டீம் வேண்டும் என்று ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசருக்கு ஆசை வந்தது. பெர்மனன்ட் ஆட்களில் ஆடத் தெரிந்தவர்கள் தொப்பை போட்டிருந்தார்கள். ஏழுமலை அண்ணனின் மச்சான் அந்த ஆபீசருக்கு ஜீப் ஓட்டினார். அவர் மூலமாகப் பேச்சுப் போய், "உங்க பாஸ்ட் பவுலர் பையனை ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கறேன். தேறினான்னா பெர்மனன்ட்டுக்கு எழுதறேன்" என்று பதில் வந்தது.

ஒரு ஆளுக்குத்தான் இடம். அது நானில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் விக்கெட் கீப்பர். கீப்பரை யாரும் ஜீப்பில் வந்து பார்ப்பதில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

கண் தெரிகிற வரைக்கும்

எதிர் டீம் வாலாஜாபாத். நல்ல ஆட்டக்காரர்கள். அதிலும் சம்பத் என்று ஒருவர், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். நின்றுவிட்டால் மேட்ச் அவருடையதுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்து இறங்குவார். உள்ளே நிஜார்.

நாங்கள் சுமாராக அடித்து முடித்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பேட்டிங் செய்கிற டீம்தான் இரண்டு அம்பயரையும் தர வேண்டும். ஃபீல்டிங்குக்குப் பதினொரு பேரும் வேண்டும், வெளியாள் யார் வெயிலில் நிற்பான்? அதனால் அடுத்து இறங்க வேண்டியவனோ, அவுட்டாகி வந்தவனோ அம்பயராக நிற்பான். தன் அண்ணனுக்குத் தம்பி அவுட் கொடுக்க வேண்டிவரும். கொடுத்துவிட்டு இரவு ஒரே வீட்டில் சாப்பிட வேண்டும். எவ்வளவு சண்டை வந்தாலும் அந்த வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. அம்பயர் கையைத் தூக்கிவிட்டால் தூக்கியதுதான்.

எங்கள் பேட்டிங் முழுக்கப் பூபாலன் அம்பயராக நின்றான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. பந்தைப் பார்த்ததைவிடக் கரையைத்தான் அதிகம் பார்த்தான். ஜீப் வரவில்லை.

வாலாஜாபாத் ஆட இறங்கியது. ஒரு பவுலருக்கு மூன்று ஓவர்தான் என்பது போட்டி விதி. ஆபீசர் வரும்வரை பூபாலனை நிறுத்தி வைக்கலாம் என்றார் ஏழுமலை அண்ணன்.

"இல்லண்ணா, இப்பவே போட்டுட்றேன். இன்னும் கொஞ்சம் போனா கண்ணு தெரியாது. அப்புறம் அவரு வந்தும் புண்ணியமில்ல" என்றான் பூபாலன்.

போட்டான். அப்படி ஒருவன் பந்து வீசி நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. காற்றுக்கு எதிராக ஓடி வந்தான். டென்னிஸ் பால் வந்து விழுந்த வேகத்தில் என் உள்ளங்கை சிவந்துவிட்டது. இரண்டு ஸ்டம்பைப் பிடுங்கினான். ஒருவன் மட்டையை விலக்கிக்கொண்டு தப்பித்தால் போதும் என்று ஒதுங்கினான். சம்பத் மட்டும்தான் நின்று தடுத்தார்.

மூன்று ஓவரும் முடிந்தன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களைத் தவிர யாருமில்லை.

பூபாலன் பந்தை அடுத்தவனிடம் கொடுத்தான். ஒருமுறை கரையைப் பார்த்தான். அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லெக் சைடு பவுண்டரிக்கு நடந்தான். அங்கே ஒரு கருவேலமரம் உண்டு. கொஞ்சம் நிழல் விழும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு அந்த இடத்தைத்தான் கொடுப்போம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவனே போய் நின்றுகொள்வான்.

அவன் நடந்து போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஸ்டம்புக்குப் பின்னால் பேச்சு

கீப்பருக்கும் பேட்ஸ்மேனுக்கும் இடையே ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கம் அது பெரும்பாலும் கேலி. அன்றைக்குச் சம்பத் ஆரம்பித்தார்.

"அந்த பவுலர் பையன் இன்னாப்பா, நின்னுகினே தூங்குறான்?"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். கருவேலமரத்தடியில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, பந்துக்குத் தயாராக நிற்பதுபோலவே நின்றான். தலை மட்டும் முன்னால் சரிந்து சரிந்து எழுந்தது.

"நைட் ஷிப்ட்டுண்ணா."

"அந்த ஓட்டம் ஓடினான்! நைட் ஷிப்ட் பாத்துட்டா?"

ஓவருக்கு ஓவர் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆபீசர், பெர்மனன்ட், பிரேக், செங்கல் சூளை, எல்லாம். எதிர் டீம் ஆளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் பந்து வரும்போது அடித்தார், வராதபோது கேட்டார்.

"வந்தாரா அந்த ஆளு?" என்று மட்டும் கேட்டார்.

"வரலண்ணா. இனிமே வந்தும் இன்னா? ஓவர் முடிஞ்சிபோச்சி."

அவர்கள் ஜெயிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். சம்பத் இருக்கிறவரை சந்தேகமே இல்லை. அப்போதுதான் கரையில் புழுதி கிளம்பியது. கம்பெனி ஜீப் வந்து நின்றது. ஆபீசர் இறங்கி, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு நேரம் கழித்து எதைப் பார்க்க வந்தார்? மரத்தடியில் தூங்குகிறவனையா?

இரண்டு பந்து

அடுத்த பந்தைச் சம்பத் லெக் சைடில் ஓங்கி அடித்தார். தரையை ஒட்டிப் பாய்ந்தது. நேராகக் கருவேலமரத்தை நோக்கி.

"பூபாலா! டேய் பூபாலா!" எல்லோரும் கத்தினோம்.

அதே நேரத்தில் பக்கத்து மேட்ச்சில் எவனோ ஒருவன் பந்தை வானத்துக்குத் தூக்கினான். ஆடிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது.

பூபாலன் கண்ணைத் திறந்தான். கத்துகிறோம் என்று தெரிந்தது. மேலே பார்த்தான். வானத்தில் ஒரு பந்து. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

எங்கள் பந்து அவன் கால் ஓரமாக உருண்டு புதருக்குள் போனது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே இருந்த பந்தின்மேல் கண்ணை வைத்து ஓடினான். காற்று அதை இழுக்க இழுக்கப் பின்னாலேயே ஓடினான். பக்கத்து மேட்ச் ஃபீல்டர் ஒருவன் பயந்துபோய் விலகினான். கடைசியில் எட்டாது என்று தெரிந்ததும் குப்புறப் பாய்ந்தான். வெடித்துப் போன ஏரி மண்ணில் நெஞ்சு தேய விழுந்தான். புழுதி அடங்கியபோது ஒரு கை மட்டும் மேலே நின்றது. அதில் பந்து.

கரையிலிருந்து கைதட்டல் கேட்டது. ஆபீசர் தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

பூபாலன் படுத்தபடியே பந்தைத் தள்ளிவிட, பக்கத்திலிருந்த எங்கள் ஃபீல்டர் அதை எடுத்து என்னிடம் எறிந்தான். பிடித்தேன். பிடித்ததுமே உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் பந்தில்லை. எங்களுடையது அந்த இன்னிங்ஸுக்குப் பிரித்த புதுப் பந்து. கையில் பிடித்தால் ரோமம் தெரியும். இது ரோமமெல்லாம் உதிர்ந்து, வழவழவென்று, கறுத்துப் போன மொட்டைப் பந்து.

நடந்தது என்னவென்று எங்கள் ஃபீல்டர்கள் எல்லோருக்கும் தெரியும். அம்பயராக நின்றது தாஸ் என்கிற வாலாஜாபாத் பையன், சம்பத்துக்கு அடுத்து ஆட வேண்டியவன். அவன் நான்கு ரன்னுக்குக் கையை வீசப் போனான்.

சம்பத் என் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். ஜீப்பை, கைதட்டுகிற மனிதரை. பிறகு தரையில் எழ முடியாமல் கிடந்தவனைப் பார்த்தார்.

மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, எங்க போற? ஃபோருண்ணே அது!" என்றான் தாஸ்.

"கைய தூக்கு."

"இன்னாண்ணா சொல்ற? அது நம்ம பாலே இல்ல..."

"அவுட்டுன்றேன். தூக்குடா."

சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு மறுபேச்சு கிடையாது. தாஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையைத் தூக்கினான். தூக்கிவிட்டால் தூக்கியதுதான்.

பக்கத்து மேட்ச்காரன் பந்து கேட்டு ஓடி வந்தான். ஏழுமலை அண்ணன் என் கையிலிருந்து வாங்கி, முதுகுக்குப் பின்னாலேயே அவனிடம் உருட்டிவிட்டார். இன்னொருவன் புதரிலிருந்து எங்கள் பந்தை எடுத்து வந்தான். ஆட்டம் தொடர்ந்தது.

சம்பத் போனபிறகு வாலாஜாபாத் சரிந்துவிட்டது. நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்த டீம்போல ஒருவனும் கத்தவில்லை. அவர்கள் பக்கத்தில்தான் சத்தம். சம்பத்தைச் சுற்றி நின்று அவருடைய ஆட்களே ஏசினார்கள். "பெரிய தர்மப் பிரபு!" என்று அவர்கள் கேப்டன் மட்டையைத் தரையில் வீசினார். சம்பத் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார். ஆனால் அத்தனை பேரில் ஒருவன்கூடக் கரைக்குப் போய் ஆபீசரிடம் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆபீசர் பூபாலனைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். "என்ன கேட்ச்ப்பா இது! தூங்குறியோன்னு நெனச்சேன். நாளைக்கு என் ரூமுக்கு வா" என்றார்.

சொன்னபடி செய்தார். மாதக் கடைசியில் எங்கள் செட்டுக்குப் பிரேக் விட்டார்கள். பூபாலன் மட்டும் கேட்டுக்கு உள்ளேயே இருந்தான்.

அப்புறம்

எனக்கு அந்தப் பிரேக் முடியவே இல்லை. திரும்பக் கூப்பிடவில்லை. சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் சேர்ந்து, ஆணியும் தாழ்ப்பாளும் எடை போட்டுக் காலத்தை ஓட்டினேன். பூபாலன் கம்பெனி டீமுக்கு ஒரு வருடம் ஆடினான். ஆபீசர் மாற்றலாகிப் போனதும் டீமும் போனது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனுக்கு ஓவர்டைம் வேலை. அமாவாசை டீம் எப்போது நின்றதென்று தேதி சொல்ல முடியாது. ஒரு வாரம் எட்டுப் பேர் வந்தார்கள். இன்னொரு வாரம் ஐந்து பேர். அப்புறம் யாரும் வரவில்லை.

பூபாலன் மட்டும் அந்தக் கேட்ச்சை விடவில்லை. டீக்கடையில் சொல்வான். கல்யாண வீட்டில் சொல்வான். யூனியன் ஆபீசில் சொல்வான். "சம்பத்துன்னா யாருன்ற? வாலாஜாபாத்துல அவன அவுட்டாக்க ஆளே கிடையாது. தூக்கி அடிச்சான் பாரு, இந்த உசரம். ஒத்தக் கையில புடிச்சேன்." இதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறும். அந்த மனுஷன் தன் டீம்காரர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு உனக்காக நடந்து போனார், நீ அவரையே மட்டம் தட்டுகிறாயா என்று வாய்வரை வரும். அவனுக்குத் தெரியாதே, தூக்கக் கலக்கத்தில் இருந்தவன்தானே என்று விழுங்கிக்கொள்வேன். நாங்கள் யாருமே அவனிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை.

சமீபத்தில் அவன் ரிட்டயர் ஆனான். கம்பெனி கேன்டீனில் விழா. எனக்கும் அழைப்பு. புதிதாக வந்த அதிகாரி ஒருவர், அவனுக்கு மகன் வயதுதான் இருக்கும், "ஒரு கேட்ச் பிடிச்சு வேலைக்கு வந்தவர் நம்ம பூபாலன் சார்" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பூபாலன் எழுந்து மறுபடியும் அதே கதையைச் சொன்னான். கையை ஒருமுறை மேலே தூக்கியும் காட்டினான். எனக்குச் சலிப்பாக இருந்தது. பிரியாணியை அளைந்துகொண்டிருந்தேன்.

விழா முடிந்து, அவன் மகன் வண்டி எடுத்து வரும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். முகத்தில் அத்தனை வருட நைட் ஷிப்ட்டும் தெரிந்தது.

"இன்னாடா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

"அது மொட்டைப் பால்டா" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"எப்போ தெரியும் உனக்கு?"

"கையில வந்தவொடனே. அன்னிக்கு அந்தப் புதுப் பால போட்டவன்டா நான், எனக்குத் தெரியாதா? எய்ந்து சொல்லலாம்னு பாத்தேன். மூச்சு வரல. நிமிந்து பாத்தா அவரு நடந்துகினு கீறாரு."

"அப்புறம் ஏண்டா இத்தினி வருஷமா இப்படிச் சொல்லிகினு திரியிற?"

அவன் சால்வையின் சரிகையை விரலால் நீவிக்கொண்டே இருந்தான்.

"பெர்மனன்ட் ஆர்டர் வந்ததும் ஸ்வீட் வாங்கிகினு வாலாஜாபாத் போனேன். வூட்டாண்ட சைக்கிள் தொடச்சிகினு இருந்தாரு. காலுல வுழப் போனேன், வுடல. அண்ணே, அது உங்க பால் இல்லண்ணே, எனக்குத் தெரியும்னேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? 'இன்னாப்பா உளர்ற? நான் அடிச்சேன், நீ புடிச்ச. எங்க ஆளே கைய தூக்கினான். நான் அவுட்டு. போய் வேலைய பாரு'ன்ட்டாரு. நான் திருப்பித் திருப்பிச் சொல்றேன், மனுஷன் ஒத்துக்கவே இல்ல. ஸ்வீட்ட வாங்கி உள்ள குடுத்துட்டு, தொடைக்க ஆரம்பிச்சிட்டாரு."

"எங்ககிட்ட சொல்லலியே நீ."

"எப்பிட்ரா சொல்றது? அவரே அவுட்டுன்றாரு. நான் ஊர்ல போயி அவுட்டு இல்லன்னு சொன்னா அவர பொய்யனாக்கின மாரி ஆவாதா? அதான் பெருசாவே சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு."

இத்தனை வருடம் இவனைப் பார்த்து எரிந்திருக்கிறேன்.

"அவரு இப்ப எங்க இருக்காரு?" என்றேன்.

"பூட்டாரு. ரெண்டு மூணு வருஷம் ஆச்சி. சாவுக்குப் போயிருந்தேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது. அவரு பையன் வந்து, நீங்க யாருங்கன்னு கேட்டான். இன்னான்னு சொல்றது? உங்கப்பாவ ஒரு தபா அவுட்டாக்கினவன்பான்னேன்."

கேட்டில் அவன் மகனின் வண்டி ஹாரன் அடித்தது. பூபாலன் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதானா அதுன்னு என் ரெண்டு கையையும் புடிச்சிகினான்டா. அப்பா சாவுற வரைக்கும் சொல்லிகினு இருந்தாராம், அந்த மாரி ஒரு கேட்ச்ச அவரு பாத்ததே இல்லன்னு."